ஒரே குளத்தில் ஏழும் ஒன்பதும்

சகலை,

ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் ஒரு ரோகு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார். செவுள் நல்ல சிவப்பு. ஆனால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு வந்துவிட்டது அந்த வாடை. ஈரச் சேறும் பாசியும் கலந்த குளத்து மீன் வாடை. கூட்டத்துக்கு நடுவில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடைக்காரர் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்கே கோளாறு என்று. "க்யா ஹுவா, சாப்?" "குச் நஹி, பையா", ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, மீன் வாங்காமலே லக்ஷ்மிபாய் நகருக்கு நடந்தேன். நான் தெருவில் சிரித்துக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு அம்மாள் உண்மையாகவே ஒதுங்கி நின்றார்.

போன குளிர்காலத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். அதன் பிறகு உங்களுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. உயிரோடு இருந்தபோதே உங்களோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவன் நான். இப்போது எழுதுவதற்கு அந்த ரோகுதான் காரணம். பாசம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் மூத்தவளைக் கட்டினீர்கள், நான் இளையவளைக் கட்டினேன். நமக்குள் வேறு எந்தச் சம்பந்தமும் கிடையாது. தூத்துக்குடியில் மாமனார் வீட்டில் உங்கள் இலையில் சீலா மீனின் நடுத்துண்டு விழும். என் இலையில் வால் விழும். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். "சின்ன மாப்பிள்ளைக்கு முள்ளு எடுக்கத் தெரியும், படிச்சவருல்லா" என்று மாமனார் சொல்வார். நீங்கள் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பீர்கள். பிறகு இரண்டு பேருக்கும் டெல்லியில் உத்தியோகம் அமைந்தது. நீங்கள் ஆர்.கே.புரத்தில், நான் இங்கே. சனி ஞாயிறுகளில் அக்கா தங்கைகள் பேசிக்கொண்டிருக்க, நாம் இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நடுத்துண்டை நான் மறக்கவில்லை. நீங்கள் அதைச் சாப்பிட்டதையே மறந்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு அதிக எரிச்சல்.

நீங்கள் ஓய்வு பெற்றபோது எல்லாரும் எதிர்பார்த்தது, ஊருக்குப் போய் உங்கள் தம்பி வீட்டு மாடியில் இருப்பீர்கள் என்றுதான். தம்பி மாடியை வெள்ளையடித்தே வைத்துவிட்டார். நீங்கள் போகவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முனிர்காவில் இரண்டு அறை பிடித்தீர்கள். நஜஃப்கட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தில், சௌத்ரி என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு பெரியவரின் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தீர்கள். ரோகும் கட்லாவும் வளர்க்கப் போவதாகச் சொன்னீர்கள். என் மனைவி, உங்கள் கொழுந்தியாள், அன்று சாப்பாட்டையே நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அத்தான், நம்ம என்னைக்காவது குளத்து மீனு தின்னுருக்கமா?"

"திங்கதுக்கு இல்ல தாயி, வளக்கதுக்கு."

"வளத்து?"

"டெல்லிக்காரன் திம்பான். அவனுக்குக் கடல் ஏது?"

கடல் மீனைத் தவிர வேறெதையும் மீன் என்று ஒப்புக்கொள்ளாத குடும்பத்தில் நீங்கள் அப்படிப் பேசியது எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது. சொல்லவில்லை. எப்போதும் சொன்னதில்லை.

சௌத்ரிக்கு அந்தக் குளத்தின் மேல் பெரிய பற்று இல்லை. அவருடைய மகன் அதை மண் போட்டு மூடிக் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் வயலை விட மண்டபங்கள்தான் அதிகம் விளைகின்றன. பெரியவர் ஒரு பருவத்துக்குச் சம்மதித்தார். ஹோலிக்குள் மீன் கொழுத்து வந்தால் குளம் உங்களுக்கு. மீன் செத்தாலோ சவலையாக வந்தாலோ லாரியில் மண் வரும். அப்படி வந்தால் நீங்கள் தம்பி வீட்டு மாடிக்குப் போக வேண்டியதுதான், வேறு வழி இல்லை. "அங்க போனா நான் ரிட்டயர்டு ஆளு, சகலை. காலைல பேப்பர், சாயங்காலம் மாத்திரை. இங்ஙன நான் மீன்காரன்" என்றீர்கள். உங்கள் மனைவி, என் மதினி, அந்தப் பக்கம் திரும்பிப் பாத்திரத்தைத் துடைத்தார்கள். அவர்களுக்கும் மாடிக்குப் போக விருப்பமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

தண்ணீரைப் பரிசோதிப்பது என் தொழில். அரசாங்க ஆய்வுக்கூடத்தில் பல வருஷங்களாக டெல்லியின் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருப்பவன். எனவே குளத்தின் பி.எச். என்ன என்று நீங்கள் என்னிடம்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மீன் தொட்டி விற்கிற கடையில் ஒரு கலர்த் தாள் கட்டு வாங்கி வந்து நீங்களே நனைத்துப் பார்த்தீர்கள். தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்கிற எண்தான் பி.எச். ஏழு என்றால் இரண்டுமில்லை; கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். குளத்து மீனுக்கு ஆறரையிலிருந்து எட்டரை வரை சுகம். ஏழரைக்கு மேல் இருந்தால் இன்னும் சுகம்.

"ஏழுதான் நிக்கி, சகலை. இன்னும் இறங்கிரும் போல. சுண்ணாம்பு போடணும்."

நீங்கள் கூப்பிடாமலே சனிக்கிழமை என் மீட்டரைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போனேன். ஒன்பதைத் தாண்டியிருந்தது. மீனுக்கு மூச்சு முட்டுகிற அளவு காரம். போன் செய்தேன்.

"ஏழு இல்ல, ஒம்பது."

"உங்க மிஷின் கெட்டுப்போச்சு."

"அது மிஷின் இல்ல, மீட்டர். அரசாங்கத்துல அதைத்தான் நம்புதாங்க."

"அரசாங்கம் நம்பித்தான் நம்ம குழாயில அந்தத் தண்ணி வருது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அந்த வார்த்தையை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு நடந்ததை நினைத்துத்தான் மார்க்கெட்டில் சிரிப்பு வந்தது. நீங்கள் தினமும் விடிவதற்குள் ஸ்கூட்டரில் போய், தாளை நனைத்து, ஏழைப் பார்த்து, கவலைப்பட்டு, சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவீர்கள். நான் சனிக்கிழமைதான் வருவேன். நிதானமாக எழுந்து, இட்லி தின்று, பேப்பர் படித்து, மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, மெட்ரோவும் ஷேர் ஆட்டோவும் பிடித்து வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருக்கும். மீட்டரில் ஒன்பதைப் பார்ப்பேன். இந்த மனிதன் சுண்ணாம்பைக் கொட்டிக் குளத்தைக் கெடுக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பையில் கொண்டுவந்த படிகாரத்தைப் பொடி செய்து வீசுவேன். படிகாரம் காரத்தை இறக்கும். உங்களிடம் சொல்லவில்லை. மாடிக்குப் போகாமல் உங்களைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். நீங்கள் மாடிக்குப் போனால் நான் யாரோடு டிவி பார்ப்பது?

சில வாரங்களில் அதிசயம் நடந்தது. உங்கள் ஏழு ஏறி எட்டுப் பக்கம் வந்தது. என் ஒன்பது இறங்கி அதே எட்டுப் பக்கம் வந்தது. "பாத்தியளா, சுண்ணாம்பு வேலை செஞ்சிட்டு" என்றீர்கள். நான் மேதாவித்தனமாகச் சிரித்துக்கொண்டேன். இரண்டு வீட்டிலும் அன்று பாயசம். எதற்கென்று அக்கா தங்கைகளுக்குத் தெரியாது.

தண்ணீர் மட்டும் கண்ணாடியாகிவிட்டது. அடியில் கிடந்த ஒற்றைச் செருப்புகூடத் தெரிந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எல்லாம் தலை பெருத்து உடம்பு சூம்பிக் கிடந்தன. நீங்கள் கரையில் குந்தி உட்கார்ந்து, "என்ன சகலை, பிரியாணிக்குப் பொறந்த மாதிரி இருந்த பயலுவ, இப்பிடி விரதம் இருந்த மாதிரி ஆயிட்டானுவ" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள், ஆனால் எழுந்து நிற்க உங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ரகசியத்தைப் போட்டு உடைத்தவர் சௌத்ரி. குளத்தை ஒட்டி அவருடைய எருமைக் கொட்டகை. முட்டைகூடத் தொடாத மனிதர். கட்டிலில் சாய்ந்து ஹூக்கா பிடித்தபடி நம் இருவரையும் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை நாம் இருவரும் ஒன்றாக நின்றபோது மிகவும் மரியாதையாகக் கேட்டார்: மதராஸிகள் குளத்துக்குச் செய்கிற இந்தப் பூஜை எந்தச் சாமிக்கு? காலையில் மூத்தவர் வெள்ளைப் பொடி போடுகிறார், சாயங்காலம் சாடூ வந்து வெள்ளைப் பொடி போடுகிறார். சகலைக்கு அவர்கள் பாஷையில் சாடூ.

நீங்கள் மெல்லத் திரும்பினீர்கள்.

"நீங்க என்ன பொடி போட்டிய?"

"படிகாரம்."

"எத்தனை நாளா?"

"நீங்க சுண்ணாம்பு போட்ட நாள்லருந்து."

சுண்ணாம்பும் படிகாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. குடிநீர் நிலையத்தில் கலங்கல் தெளிவதற்கு அதைத்தான் போடுகிறார்கள். மீன் வளர்க்கிற குளத்தை நாம் இரண்டு பேரும் கூட்டாகச் சுத்திகரித்துக் குடிநீராக்கி வைத்திருந்தோம். பச்சையாக மிதக்கிற நுண்பாசிதான் மீன் குஞ்சுக்குச் சோறு. அது அத்தனையும் அடியில் படிந்துவிட்டது. நீங்கள் என்னைத் திட்டிய திட்டில் எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. நானும் விடவில்லை. நடுத்துண்டிலிருந்து ஆரம்பித்தேன்.

"எந்த நடுத்துண்டு?" என்றீர்கள்.

உங்களுக்கு நிஜமாகவே நினைவில்லை.

பொடி இரண்டையும் நிறுத்தினோம். சாணம் கரைத்து ஊற்றியதில் தண்ணீர் மறுபடி பச்சை பிடித்தது. பச்சை பிடித்ததும் பழைய கதையும் திரும்பியது: உங்களுக்கு ஏழு, எனக்கு ஒன்பது. இப்போது பழி போடப் பொடியும் இல்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இருட்டு விலகாத நேரத்தில் என் குவார்ட்டர்ஸுக்குக் கீழே ஸ்கூட்டர் ஹாரன். "சகலை! ஜல்தி! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்!" மூன்றாம் மாடிக்காரர் ஹிந்தியில் உங்கள் பரம்பரையை விசாரித்தார்.

கரையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தோம். உங்கள் தாள், என் மீட்டர், ஒரே வாளித் தண்ணீர். தாள் ஏழு காட்டியது. மீட்டரும் ஏழு காட்டியது. நீங்கள் டீயைச் சத்தமாக உறிஞ்சினீர்கள். மீட்டரைத் தட்டிப் பார்த்தேன், கழுவிப் பார்த்தேன். ஏழுதான்.

காத்திருந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் நான் என் பதவி உயர்வுக் கதையைச் சொன்னேன். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் என்னைவிட இளையவன் ஒருவனை உட்கார வைத்த மேலதிகாரியைப் பற்றி, அவர் என்ன சொன்னார், எந்தச் சட்டை போட்டிருந்தார் என்பது வரை சொன்னேன். குடும்பத்தில் யாரும் அதை முழுதாகக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள். முடிந்ததும், "நல்ல கோவம் சகலை உங்களுக்கு. ஒரு பயலுக்கும் பிரயோஜனம் இல்லாம பூட்டி வச்சிருக்கிய. எங்கயாவது போட்டு வேலை வாங்குங்க" என்றீர்கள். ஆறுதல் சொல்லாததற்காக அப்போது கோபித்துக்கொண்டேன்.

வெயில் ஏறியது. மறுபடி வாளியை இறக்கினோம். மீட்டர் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மதினி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைத் தின்று முடித்துப் பார்த்தபோது எட்டு. உங்கள் தாள் இளம்பச்சையிலிருந்து கரும்பச்சைக்குப் போயிருந்தது. இருவரும் டீ குடிப்பதைக்கூட மறந்துவிட்டோம். நாம் யாரும் எதுவும் போடவில்லை. குளம் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. வெயில் சாய்ந்தபோது தாள் நீலமாகிவிட்டது. மீட்டரில் என் ஒன்பது நின்றது. நீங்கள் தாளையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

"சகலை, இது என் சுகர் மாதிரில்லா இருக்கு! வெறும் வயித்துல ஒண்ணு, தின்ன பெறகு ஒண்ணு."

ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் விடுகிற மூச்சு தண்ணீரில் கரைந்து அமிலத்தைக் கூட்டும். பகலில் வெயில் பட்டதும் பாசி அந்த மூச்சுக்காற்றையே தின்ன ஆரம்பிக்கும்; தண்ணீர் காரத்துக்கு ஏறும். பச்சை அதிகமானால் ஆட்டமும் அதிகம். இதை உங்களுக்கு விளக்கினேன்.

"எப்ப படிச்சிய இதை?"

"பி.எஸ்ஸி.ல."

"பெறகு ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

நீங்கள் சாக்கில் மல்லாந்து விழுந்து சிரித்தீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து, ஒரு செருப்பு குளத்துக்குள் போய் விழும்வரை. சௌத்ரி கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார், பூஜை பலித்துவிட்டது என்று நினைத்து. கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்து பார்த்தேன். முடியவில்லை.

தண்ணீரை அதன் பிறகு நாம் சேர்ந்து பார்த்தோம். ஆட்டத்தை அடக்குவதற்குச் சுண்ணாம்புதான் மருந்து, ஆனால் அளவாக. சாணத்தையும் குறைத்தோம். சுண்ணாம்பு உங்கள் வெற்றி என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். அளவு நான் சொன்னது. காலையில் ஏழரை, மாலையில் எட்டரை, அதற்கு இடைப்பட்ட கோட்டில் குளம் நின்றது. மீன்கள் தலைக்கேற்ற உடம்பு வைத்தன.

ஹோலிக்கு முன் வலை போட்டோம். கிராமமே கரையில் நின்றது. சௌத்ரி மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று, வலையில் துள்ளுகிற மீன்களைப் பார்த்தார். மகன் பக்கத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பெரியவர் துண்டை விலக்கி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஜப் தக் மச்சி, தப் தக் தாலாப்." மீன் இருக்கிறவரை குளமும் இருக்கும். நீங்கள் அழுதீர்கள். கேட்டதற்கு, கலர்ப்பொடி கண்ணில் விழுந்துவிட்டது என்றீர்கள். அன்று அங்கே ஒருவரும் கலர்ப்பொடி கொண்டுவரவில்லை.

அதன் பிறகு எத்தனையோ வலை போட்டுவிட்டோம். நீங்கள் மீன்காரராகவே இருந்தீர்கள், மீன்காரராகவே போனீர்கள். மலை மந்திர் கோயிலில் பார்த்த, உங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் உங்கள் உத்தியோகத்தை மறந்துவிட்டு மீனைப் பற்றியே பேசினார்கள். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

உங்கள் காரியங்கள் முடிந்த கையோடு சௌத்ரியின் மகன் டேப் வைத்துக் குளத்தை அளக்க ஒருவரைக் கூட்டி வந்தான். மதினி போன் செய்தார்கள். "தம்பி மாடி இன்னும் காலியாத்தான் கெடக்காம்" என்று மட்டும் சொன்னார்கள். உங்கள் ஸ்கூட்டரில் அவர்களைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். பெரியவர் கட்டிலில் தளர்ந்து படுத்திருந்தார். ஆசைப்பட்டவர் போய்விட்டார், இனி யார் பார்ப்பார்கள் என்று அவரும் இழுத்தார்.

எனக்கு ஹிந்தி கோபத்தில்தான் நன்றாக வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று நன்றாக வந்தது. ஹோலிக்கு முன் அவர் சொன்ன வாக்கை, எந்த வேப்ப மரத்துக்குக் கீழே நின்று சொன்னார், துண்டு என்ன நிறம், பக்கத்தில் யார் யார் நின்றார்கள், மகன் எந்தக் கையால் தலையைச் சொறிந்தான் என்பது வரை எடுத்து வைத்தேன். மேலதிகாரிக்கென்று பூட்டி வைத்திருந்தது முழுவதும் அந்தக் கொட்டகையில் இறங்கியது. அளக்க வந்தவர் டேப்பைச் சுருட்டிவிட்டார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெரியவர் கையைக் காட்டி அடக்கினார். மீன் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பார்ப்பது யார்? நான். காலையிலா? காலையிலும் மாலையிலும். மதினி என் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். அது அழுகையா குளத்து வாடையா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது வாரத்தில் பாதி நாள் விடியுமுன் எழுந்து போகிறேன். தூக்கம் கெடுகிறது. அதற்காக உங்கள் மேல் புதிதாக ஒரு வருத்தம் உண்டு.

அன்று மதினியோடு கொட்டகையிலிருந்து கிளம்பும்போது சௌத்ரி கட்டிலில் இருந்தபடியே கேட்டார்: "அச்சா, ஆஜ் பானி கித்னா ஹை?" தண்ணீர் இன்று எத்தனை?

"காலைலயா, சாயங்காலமா?" என்று திருப்பிக் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். நீயும் அவரும் ஒரே ஆள்தான், மதராஸி, என்றார். மகனைக் கூப்பிட்டு, வந்திருப்பது யாரென்று பார், அதே ஆள், என்று மறுபடியும் சொன்னார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் எந்த ஆள் இல்லை என்று காட்டுவதற்குப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறேனோ அந்த ஆள் என்று என்னை, மதினி கேட்க, எருமைகள் கேட்கச் சொல்லிவிட்டார். இந்த ஊரில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றையும் நான் மறந்ததில்லை, உங்களுக்குத் தெரியும்.

இதையும் மறக்க மாட்டேன்.